சைக்கிள் மிதித்தால் செய்தி வரும்!

தென்பெண்ணை ஆறு எல்லா நாளும் சாதுவாக இருப்பதில்லை.

மணலூர்பேட்டைக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், ஆற்றங்கரையிலேயே அமைந்த ஊர் அது. தை மாதம் 5-ஆம் தேதி இங்கே ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். மணல் முழுவதும் ஜனக்கூட்டமாக இருக்கும்.

அதே ஆற்றுக்கு இன்னொரு முகமும் உண்டு. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பேய் மழை பெய்தது. டிசம்பர் 2-ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்து விடப்பட்டது. கரையோர ஊர்களில் வெள்ளம் புகுந்தது. திருவண்ணாமலை மாவட்டத்து அகரம்பள்ளிப்பட்டில் புதிதாகக் கட்டிய பாலமே அடித்துக்கொண்டு போயிற்று.

வெள்ளம் வந்தால் முதலில் போவது மின்சாரம். அடுத்தது செல்போன். கோபுரத்திலுள்ள பாட்டரி சில மணி நேரம் தாங்கும். அப்புறம் அதுவும் ஊமையாகிவிடும். கையிலிருக்கும் போனிலும் சார்ஜ் தீர்ந்துவிடும்.

அணையில் இன்னும் எவ்வளவு திறக்கிறார்கள்? வீட்டிலேயே இருக்கலாமா? குழந்தை குட்டிகளோடு மேட்டுக்குப் போக வேண்டுமா? அந்த நேரத்தில் இவற்றுக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். யார் சொல்வார்கள்?

ரேடியோ சொல்லும். ஒலிபரப்பு நிலையம் வெள்ளத்துக்கு வெகு தூரத்தில் பத்திரமாக இருக்கும். கம்பியும் வேண்டாம், பக்கத்தில் கோபுரமும் வேண்டாம். ஆனால் ரேடியோவுக்குப் பேட்டரிக் கட்டை வேண்டுமே! கட்டையும் தீர்ந்துபோனால்?

இந்தக் கேள்வியைத் தமிழர்கள் ஒரு காலத்தில் ஆண்டுக்கணக்கில் சந்தித்தார்கள். அதற்கு விடையும் கண்டார்கள்.

கட்டை இல்லாத ரேடியோ

அது நடந்த இடம் யாழ்ப்பாணம்.

1990-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இலங்கையில் மீண்டும் போர் மூண்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஆண்டுக்கணக்காக நின்றது. அத்துடன் பல பொருள்களை வடக்கே கொண்டு போகவும் தடை போட்டார்கள். பெட்ரோல் கூடாது. சிமெண்டு கூடாது. ரேடியோவுக்கும் டார்ச் லைட்டுக்கும் போடும் சாதாரணக் கட்டைகூடக் கூடாது!

வீட்டில் நல்ல ரேடியோ இருக்கிறது. அதற்கு உயிர் கொடுக்கும் கட்டை இல்லை. வெளியே குண்டு விழுகிறது. எந்தப் பக்கம் படை நகர்கிறது, எந்தப் பாதை மூடப்பட்டது, கொழும்பில் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் எப்படி இருப்பது?

யாழ்ப்பாண மக்களின் கண்ணில் பட்டது சைக்கிள். பெட்ரோல் இல்லாத ஊரில் சைக்கிள்தான் ராஜா. சக்கரத்தின் அருகே, விளக்குக்காக மாட்டியிருந்தது ஒரு சிறு டைனமோ. விளக்குக்குப் போகும் கம்பியை ரேடியோவுக்குத் திருப்பினால் என்ன?

திருப்பினார்கள். ரேடியோ பேசிற்று!

சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தியோ, தலைகீழாகக் கவிழ்த்தோ வைப்பார்கள். ஒருவர் மிதியைச் சுற்றுவார். மற்றவர்கள் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். லண்டனிலிருந்து வந்த பி.பி.சி. தமிழோசை, மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலி ஆகியவற்றின் செய்திகளை இப்படித்தான் கேட்டார்கள். கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். அதனால் சுற்றுகிறவருக்குக் கை வலித்தால் அடுத்தவர் வந்து பிடித்துக்கொள்வார்.

1994 அக்டோபரில் சமாதானப் பேச்சு தொடங்கியது. 1995 ஏப்ரலில் முறிந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி லட்சக்கணக்கான மக்கள் வீடு வாசலை விட்டு யாழ்ப்பாண நகரத்தை நீங்கித் தென்மராட்சிப் பக்கம் நடந்தார்கள். அந்தக் காலமெல்லாம் செய்தி என்பது பொழுதுபோக்கு அல்ல. தங்குவதா, போவதா என்று முடிவு செய்ய வேண்டிய குடும்பத்துக்கு அது அரிசியைப் போல அவசியம்.

மோட்டார் சைக்கிள்களும் அங்கே மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் சில சொட்டுப் பெட்ரோல். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய். புகை வரும், சத்தம் வரும். ஆனாலும் வண்டி ஓடும்!

சக்கரம் தரும் சக்தி

சைக்கிள் டைனமோ ஒரு குட்டி மின்சார நிலையம். சாத்தனூரில் தண்ணீர் செய்யும் வேலையை இங்கே டயர் செய்கிறது. டயர் உரசும்போது டைனமோவின் தலை சுழல்கிறது. உள்ளே காந்தம் சுழல்கிறது. அதைச் சுற்றியுள்ள செம்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. பெரும்பாலான டைனமோக்கள் 6 வோல்ட், 3 வாட் கொடுக்கும்படி செய்யப்பட்டவை.

ஒரு சின்ன டிரான்ஸிஸ்டர் ரேடியோவுக்கு இதில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும். அதனால்தான் ஒரு சிறுவன் கையால் மிதியைச் சுற்றினாலும் ரேடியோ பாடுகிறது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. டைனமோ தருவது மாறுமின்சாரம்; முன்னும் பின்னுமாகத் தாவும். ரேடியோ கேட்பது ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரம். அப்படியே இணைத்தால் ‘உர்’ என்ற உறுமல்தான் கேட்கும். ரேடியோவே கெட்டும் போகலாம்.

இதற்கு மருந்து டையோடு. மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் போகவிடும் வாயில் காப்போன் அது. நான்கு டையோடுகளைச் சதுரமாகக் கோத்தால், எந்தத் திசையில் வரும் மின்சாரமும் ஒரே திசையில் வெளியே போகும். அப்போதும் அது அலை அலையாகத்தான் வரும். அந்த அலையைச் சமப்படுத்த ஒரு கண்டன்சர் வேண்டும். வரும்போது வாங்கி வைத்து, குறையும்போது கொடுக்கும் தண்ணீர்த் தொட்டி போன்றது அது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வேகமாக மிதித்தால் வோல்ட் ஏறும். விளக்கோ வேறு சுமையோ இல்லாமல் சுற்றினால் 6 வோல்ட் என்பது மூன்று நான்கு மடங்காகக்கூடத் தாவும். அதைத் தடுத்து ஒரே அளவில் கொடுக்கும் சிறு சில்லு உண்டு. ரேடியோ மெக்கானிக்குகள் அதை ‘ரெகுலேட்டர்’ என்பார்கள். 7805 என்பது 5 வோல்ட் தரும். 7806 என்பது 6 வோல்ட் தரும்.

எப்படிச் செய்வது?

வேண்டியவை: சைக்கிள் டைனமோ ஒன்று, ‘1 என் 4007’ டையோடு நான்கு, 1000 மைக்ரோபாரட், 50 வோல்ட் கண்டன்சர் ஒன்று, ரெகுலேட்டர் ஒன்று, கொஞ்சம் கம்பி. ரேடியோ பழுது பார்க்கும் கடையில் இவை கிடைக்கும். பழைய பெட்டிகளிலிருந்து கழற்றினால் பாதிக்கு மேல் காசே இல்லை.

டைனமோவின் அடியில் உள்ள முனையிலிருந்து ஒரு கம்பி. அதன் உடம்பிலிருந்து இன்னொரு கம்பி. சைக்கிள் விளக்குக்கு இரண்டாவது கம்பி தேவைப்படுவதில்லை. சைக்கிளின் இரும்பே அந்த வேலையைச் செய்கிறது. இந்த இரண்டு கம்பிகளும் டையோடுச் சதுரத்துக்குப் போகும். அங்கிருந்து கண்டன்சர். அங்கிருந்து ரெகுலேட்டர். அங்கிருந்து ரேடியோ. ரெகுலேட்டர் சூடாகும், அதன் முதுகில் ஓர் அலுமினியத் தகட்டைத் திருகிவிட வேண்டும்.

நான்கு கட்டை போடும் ரேடியோவுக்கு 6 வோல்ட். இரண்டு கட்டை போடுவதானால் 3 வோல்ட். 3 வோல்ட்டுக்கு ஒரு சுலப வழி உண்டு. 5 வோல்ட் ரெகுலேட்டருக்கு அப்பால் மூன்று டையோடுகளை வரிசையாகச் சேர்த்தால் போதும். ஒவ்வொன்றும் முக்கால் வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக விழுங்கும். மீதி ஏறக்குறைய 3 வோல்ட்!

கூட்டல், கழித்தல் முனைகளை மாற்றி இணைத்தால் ரேடியோ கெட்டுவிடும். முதல் தடவை ஒரு மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகு இணைப்பதே நல்லது.

செல்போனுக்கும் இதே 5 வோல்ட் உதவும். ஆனால் பொறுமை வேண்டும். பட்டன் போனுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் மிதிக்க வேண்டியிருக்கும். பெரிய தொடுதிரைப் போனை முழுதாக நிரப்ப எட்டு மணி நேரம் மிதித்தாலும் போதாது. ஆகையால் ஆபத்துக் காலத்தில் பட்டன் போன்தான் உற்ற நண்பன். பல பட்டன் போன்களில் எப்.எம். ரேடியோவும் இருக்கிறது, இயர்போன் கம்பியே அதற்கு ஏரியல்.

வால்வு போய் டிரான்ஸிஸ்டர் வந்தது

இந்த வித்தை எல்லாக் காலத்திலும் சாத்தியமாக இருந்ததில்லை. பழைய வால்வு ரேடியோ பெருந்தீனிக்காரன். வால்வுகளைச் சூடேற்றவே மின்சாரம் வேண்டும். அதற்கு மேல் உயர்ந்த வோல்ட்டும் வேண்டும். சைக்கிள் டைனமோ அதன் பசிக்குப் போதாது.

1947 டிசம்பரில் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சி சாலையில் டிரான்ஸிஸ்டர் பிறந்தது. 1954-இல் முதல் டிரான்ஸிஸ்டர் ரேடியோ கடைக்கு வந்தது. பயறு அளவுள்ள அந்தப் பொருள், ரேடியோவைக் கட்டை மின்சாரத்துக்குள் அடக்கியது. ஏர் ஓட்டுகிறவரின் தோளில் ரேடியோ தொங்கியதும், பின்னாளில் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் மிதித்துச் செய்தி கேட்டதும் அதன் புண்ணியம்தான்.

செய்தி கேட்ட சவர பிளேடு

மின்சாரமே இல்லாமல் ரேடியோ கேட்க முடியுமா? முடியும்!

1944-இல் இத்தாலியில் ஆன்ஸியோ கடற்கரையில் அமெரிக்கச் சிப்பாய்கள் பதுங்கு குழிகளில் கிடந்தார்கள். அவர்கள் ஒரு பழைய சவர பிளேடை எடுத்தார்கள். பென்சில் ஊக்கு ஒன்றை ஊசியில் மாட்டி, பிளேடின் மேல் தொட்டும் தொடாமலும் வைத்தார்கள். கம்பிச் சுருள் ஒன்று, நீளமான ஏரியல் கம்பி ஒன்று, காதுக்கு ஒரு ஹெட்போன். அவ்வளவுதான்.

துருவேறிய பிளேடும் பென்சில் கரியும் சேர்ந்து டையோடின் வேலையைச் செய்தன. காற்றில் வந்த ரேடியோ அலையே ஹெட்போனை ஒலிக்கச் செய்யும் சக்தியையும் கொடுத்தது. பக்கத்து நிலையங்கள் மெல்லிய குரலில் கேட்டன. சவரத்துக்கு உதவாத பிளேடு செய்தி சொல்ல உதவியது!

எதிரியின் கப்பல், நம் பாட்டு

கழித்த பொருளிலிருந்து ஒரு வானொலி நிலையமே பிறந்ததும் உண்டு. தமிழ்நாட்டார் பல தலைமுறைகள் கேட்டு மகிழ்ந்த இலங்கை வானொலியின் கதை அது.

எட்வர்டு ஹார்ப்பர் என்பவர் 1921-இல் இலங்கைத் தந்தி இலாகாவின் தலைமை எஞ்சினீயராக வந்தார். முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் கம்பியில்லாத் தந்திக் கருவிகள் கிடைத்தன. அவற்றைக் கொண்டு இலாகாவின் எஞ்சினீயர்கள் ஒரு சிறு ஒலிபரப்புக் கருவியை அமைத்தார்கள். 1923-இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சின்ன அறையிலிருந்து கிராமபோன் இசை காற்றில் ஏறியது. 1925 டிசம்பர் 16-ஆம் தேதி கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. கப்பல்களை மூழ்கடிக்கப் பயன்பட்ட கருவி, வீடுகளுக்குப் பாட்டுக் கொண்டுவந்தது.

சென்னையிலும் அதே சமயம் ஆர்வம் பற்றிக்கொண்டது. 1924 மே 16-இல் ஸி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் அமைந்தது. ஜூலை 31-ஆம் தேதி ஒலிபரப்பைத் தொடங்கியது. பணம் போதாமல் 1927-இல் கிளப் மூடப்பட்டது. ஆனால் ஒலிபரப்புக் கருவியை யாரும் பழைய இரும்புக்குப் போடவில்லை. சென்னை மாநகராட்சிக்குக் கொடுத்தார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பு நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-இல் வந்தது.

கோவை ஜி.டி. நாயுடு (1893-1974) பெயரைச் சொல்லாமல் இந்தக் கதை நிறைவு பெறாது. பள்ளிப் படிப்பில் அவருக்கு மனம் செல்லவில்லை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கினார். கோவையில் ஓட்டல் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் சவாரி போனாரா? அதைக் கழற்றிப் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று கற்றுக்கொண்டார்! அந்தக் கைதான் பின்னாளில் மின்சாரச் சவரக் கருவியையும், மண்ணெண்ணெயில் ஓடும் விசிறியையும் செய்தது. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-இல் அவர் அறிவித்தார்.

ஹார்ப்பருக்கும், நாயுடுவுக்கும், யாழ்ப்பாணத்துச் சாதாரணக் குடும்பத்துக்கும் பொதுவானது ஒன்றுதான். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க அவர்கள் பயப்படவில்லை. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டதால், ஒன்று இல்லாதபோது இன்னொன்றைக் கொண்டு சமாளித்தார்கள்.

பரணில் கிடக்கும் புதையல்

இன்று மணலூர்பேட்டையானாலும் சரி, கல்வராயன் மலைக் கிராமமானாலும் சரி, வீட்டுப் பரணில் ஏதாவது ஒரு பெட்டி தூங்கிக்கொண்டிருக்கும். 2006 முதல் அரசு இலவசமாகக் கொடுத்த வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி, 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினி, போன் சார்ஜர்கள், பாட்டுப் பெட்டி இப்படிப் பல.

2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவை வெளியே தள்ளியது என்கிறது ஐ.நா. அமைப்புகளின் கணக்கு. அதில் முறையாகச் சேகரித்து மறுபடி பயன்படுத்தியதாகக் கணக்கில் வந்தது நான்கில் ஒரு பங்குகூட இல்லை.

பழைய டி.வி.யின் ஒலிபெருக்கி நன்றாகவே இருக்கும். மெக்கானிக்கிடம் சொல்லிக் கழற்றி வாங்கி, ஒரு மண்பானையின் வாயில் பொருத்தினால் போதும். தமிழ்நாட்டு வாலிபர்கள் ஒரு காலத்தில் இப்படித்தான் பாட்டுக் கேட்டார்கள். ஒலிபெருக்கியின் முன்னே ஒரு ஒலியும் பின்னே அதற்கு எதிரான ஒலியும் எழும். இரண்டும் கலந்தால் தடித்த ஓசைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். பானை பின்னொலியை உள்ளே அடைத்துக்கொள்கிறது. அதனால் மிருதங்கம் மிருதங்கமாகவே கேட்கிறது!

பொருளைப் பழுது பார்த்துக்கொள்வது உபயோகிப்பவரின் உரிமை என்ற எண்ணமும் வலுத்து வருகிறது. மத்திய அரசின் நுகர்வோர் இலாகா 2022 டிசம்பரில் இதற்கென்றே ஓர் இணையதளம் தொடங்கியது. உதிரிப் பாகம், பழுது பார்க்கும் விவரம் ஆகியவற்றை உற்பத்தி செய்வோர் அதில் வெளியிட வேண்டும் என்பது நோக்கம்.

தொடக்கூடாதவை

ஆர்வம் நல்லது, அஜாக்கிரதை கூடாது.

பழைய கண்ணாடிக் குழாய் டி.வி.யை வீட்டில் திறக்கவே கூடாது. அதன் படக்குழாயில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளேயே தங்கியிருக்கும். பழகிய மெக்கானிக்குக்கு மட்டுமே அந்த வேலை.

டார்ச் கட்டையை வெயிலில் காய வைத்து இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுவது கிராமத்துப் பழக்கம். சூட்டில் உள்ளே இருக்கும் மருந்து சற்று வேகமாக வேலை செய்வதால் சில நிமிடம் உயிர் வரும். இந்தப் பழக்கத்தைச் செல்போன், மடிக்கணினி பாட்டரிகளிடம் காட்டக் கூடாது! அவை லித்தியம் பாட்டரிகள். சூடு பட்டாலோ, குத்தினாலோ, நசுக்கினாலோ தீப்பற்றும். உப்பிய பாட்டரி எதற்கும் உதவாது. உடனே விலக்க வேண்டும்.

செம்புக்காகக் கம்பியை எரிப்பதும் கூடாது. அந்தப் புகை நஞ்சு. உண்மையிலேயே பயன்படாததை அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைப்பதே சரி.

வீட்டு மின்சாரத்தில் செருகும் எதிலும் கற்றுக்குட்டிகள் கை வைக்கலாகாது. 6 வோல்ட் டைனமோ அப்படியல்ல. பிள்ளைகள் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வாத்தியார் இல்லை.

மழைக்கு முன்

ஐப்பசியும் கார்த்திகையும் ஆண்டுதோறும் வரும். அணை நிரம்புவதும் திறப்பதும் நம் கையில் இல்லை. ஒரு பழைய ரேடியோவைத் தூசி தட்டி, ஒரு டைனமோவை அதற்குத் துணை சேர்த்து வைப்பது நம் கையில் இருக்கிறது.

எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம். பள்ளியில் படித்த காந்தமும் கம்பிச் சுருளும் பரீட்சைக்கு மட்டும் அல்ல என்பது அன்றைக்கு விளங்கும். தெருவுக்கு ஒரு வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் போதும். மின்சாரம் போன இரவில் அந்தத் தெரு முழுவதும் அங்கே கூடிச் செய்தி கேட்டு, மேட்டுக்குப் போவதா வேண்டாமா என்று காலத்தோடு முடிவு செய்துகொள்ளும்.